ஸ்கேல் வைத்து அளக்கக்கூடிய கேக்: ஜிஐஎஸ் தினத்துக்காக ஒரு தமிழ்நாட்டு வரைபடம்

இந்த கேக்கில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 20 கிலோமீட்டர். சென்னையில் ஸ்கேலின் ஒரு முனையை வைத்து திருச்சி வரை அளந்தால் 15 செ.மீ. வரும். இருபதால் பெருக்கினால் 300 கி.மீ. நேர்கோட்டில் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ அதுதான்.

வரைபட கேக் என்று பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். சதுர கேக்கின் மேல் நீலம், பச்சை என இரண்டு க்ரீம், ஒரு மாநிலத்தின் உருவம், நடுவில் வாழ்த்து. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் புவியியல் படிக்கிறவர்களுக்கும், சர்வே, ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் புவியியல் தகவல் அமைப்பு) வேலை பார்க்கிறவர்களுக்கும் செய்கிற கேக்கில் அளவு தவறினால் மனசு ஒப்பாது. பிறந்தநாள் கேக்கில் பெயர் தப்பாக இருப்பதைப் போன்றது அது. அதனால் நான் அளவில் தொடங்குகிறேன். மாவு பிசைவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்படி ஒரு கேக்குக்கு ஆண்டில் மூன்று நல்ல சந்தர்ப்பங்கள் உண்டு. நவம்பர் மாதத்து மூன்றாவது புதன்கிழமை ஜிஐஎஸ் தினம், 1999 முதல் கொண்டாடப்படுகிறது. ஏப்ரல் 10 இந்தியாவின் தேசிய சர்வே தினம். 1802-ல் அதே நாளில்தான் ஆங்கிலேய சர்வேயர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அடிவாரத்தில் தன் முதல் அடிக்கோட்டை, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் கோட்டை, அளக்கத் தொடங்கினார். மூன்றாவது, 2004-ல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆண்டுநாள், ஆகஸ்ட் மாதத்தில். கேக் செய்ய எனக்குப் பிடித்தது நவம்பர். ஏப்ரல் வெயிலில் பட்டர்க்ரீம் ஐந்து நிமிடம்கூட நிற்காது.

முதலில் அளவு

தமிழ்நாடு தெற்கு வடக்காக 8 பாகை (டிகிரி) 5 கலை (நிமிடம்) முதல் 13 பாகை 35 கலை வரை நீள்கிறது. ஒரு பாகை அட்சம் ஏறத்தாழ 111 கி.மீ. என்பதால் மொத்த நீளம் 610 கி.மீ. கிழக்கு மேற்கில் அதிகபட்ச அகலம் 440 கி.மீ. அளவில் வரும். ஒரு செ.மீ.-க்கு 20 கி.மீ. என்றால் கேக்கில் நீளம் 30.5 செ.மீ., அகலம் 22 செ.மீ. சுற்றிக் கொஞ்சம் கடலும் அண்டை மாநிலமும் தெரிய ஓரம் விட்டால் 14 அங்குலம் நீளமும் 10 அங்குலம் அகலமும் கொண்ட கேக் சரியாகப் பொருந்தும். வரைபடக்காரர் மொழியில் இதன் அளவை 1:20,00,000.

கிடைமட்ட அளவு முடிந்தது. உயரம்? இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதே அளவையில் மலை செய்தால் அது 1.3 மி.மீ. மட்டுமே இருக்கும். விரலால் தடவினால்கூட உணர முடியாது. எனவே உயரத்தை மட்டும் இருபது மடங்கு பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் கணக்கு அழகாக அமைந்துவிடுகிறது: 1,000 மீட்டருக்கு 1 செ.மீ., 500 மீட்டருக்கு 5 மி.மீ. ஆக, ஐந்து மி.மீ. தடிமனுள்ள தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொரு தகட்டின் ஓரமும் ஒரு சம உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. தொட்டபெட்டாவுக்கு ஐந்து தகடு. ‘உயரம் 20 மடங்கு’ என்று குறியீட்டு விளக்கத்தில் (லெஜண்டில்) எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் நீலகிரி 50 கி.மீ. உயரம் என்று கேக் சொல்வதாகிவிடும்.

அச்சு எடுப்பது

இதற்கு கியூஜிஐஎஸ் மென்பொருள் போதும், இலவசம். உயரத் தரவுக்கு எஸ்ஆர்டிஎம்: 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் பூமியின் பெரும்பகுதியை அளந்த தரவு. அதை இறக்கி, சம உயரக் கோடு எடுக்கும் கருவியில் இடைவெளியை 500 என்று கொடுங்கள். கடற்கரை, ஆறு, மாநில எல்லை எல்லாம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கணினியில் வழக்கமாகப் பார்க்கும் இணைய வரைபடத்தைத் திரையிலிருந்து அப்படியே அச்செடுத்து ‘1 செ.மீ.-க்கு 20 கி.மீ.’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரைபடங்களின் எறியத்தில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறையில்) திருச்சி அட்சத்தில் தூரங்கள் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கூடிவிடும். முப்பது செ.மீ. கேக்கில் அது அரை செ.மீ.-க்கும் மேல். ப்ராஜெக்டின் எறியத்தை யுடிஎம் 44 வடக்கு (32644) என்று மாற்றிவிட்டு, லேஅவுட்டில் அளவையாக 2000000 என்று தட்டச்சு செய்யுங்கள். ஏ3 தாளில் முழுப்படமும் அடங்கும். அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் பிரிண்டர் தானாகவே மூன்று, நான்கு விழுக்காடு சுருக்கிவிடும். தாள் கையில் வந்ததும் முதல் வேலையாக சென்னை–திருச்சியை ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

மொத்தம் ஆறு தாள். ஒன்றில் கடற்கரை, ஆறு, எல்லை. மீதி ஐந்தில் 500, 1,000, 1,500, 2,000, 2,500 மீட்டர் கோடுகள், தாளுக்கு ஒன்றாக. ஒவ்வொரு மலைத் தாளிலும் அந்த உயரக் கோட்டை முழுக்கோடாகவும், அதற்கு அடுத்த உயரக் கோட்டைப் புள்ளிக்கோடாகவும் அச்சிடுங்கள். முழுக்கோட்டில் வெட்டுவோம், புள்ளிக்கோட்டில் ஊசியால் குத்துவோம். மேல் தகடு எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை அந்தக் குத்துகள்தான் காட்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் கண்மதிப்பில் அடுக்கினால் கொடைக்கானல் வத்தலக்குண்டு பக்கம் நகர்ந்துவிடும்.

அச்சு மை உணவில் படக்கூடாது. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு பட்டர் பேப்பரை டேப் போட்டு ஒட்டி, இரண்டையும் சேர்த்தே வெட்டுங்கள். மாவைத் தொடுவது பட்டர் பேப்பர் மட்டும்தான்.

படத்தின் சட்டகத்துக்குள் என்னவெல்லாம் வருகிறது?

அச்செடுத்ததும் பலருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். தமிழ்நாட்டை மட்டும் நினைத்துக்கொண்டு வெட்டிய செவ்வகத்தின் வலது கீழ் மூலையில் யாழ்ப்பாணம் இருக்கிறது, மன்னார் இருக்கிறது, அனுராதபுரம்கூட ஓரத்தில் வந்துவிடுகிறது. பெரும்பாலான தமிழ்நாட்டு வரைபட கேக்குகளில் அந்த இடத்தை நீலம் பூசிக் கடலாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அங்கே நிலம் இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கேக்கில் ஒன்றரை செ.மீ. இடைவெளிதான். நான் செய்த கேக் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை அந்த இடத்தில் தன் சுண்டுவிரலை வைத்து, “அக்கா, இவ்வளவுதானா?” என்று கேட்டாள். ஆறாம் வகுப்பு. வகுப்பறைச் சுவரில் தினமும் வரைபடத்தைப் பார்க்கிறவள்தான்.

இடது பக்கம் கேரளாவும் மேலே கர்நாடகமும் ஆந்திரத்தின் ஒரு துண்டும் வரும். அவற்றை வெறும் சாம்பல் நிறத்தில் தட்டையாக விடும் வழக்கம் உண்டு. எனக்கு அது உவப்பில்லை. மலை எல்லைக்கோட்டில் நிற்பதில்லை. ஆனைமுடி கேரளத்தில் இருக்கிறது என்பதற்காக அதைத் தட்டையாக்கினால் பழனி மலை ஏன் அங்கே எழுகிறது என்பதே புரியாது. உயரத்தை எல்லா மாநிலத்துக்கும் கொடுத்துவிட்டு, எல்லையைக் கடைசியில் மெல்லிய புள்ளிகளாக வையுங்கள். காரைக்காலையும் புதுச்சேரியையும் விட்டுவிடாதீர்கள். காரைக்கால் ஒரு உளுந்தம்பருப்பு அளவு இருக்கும். இருந்தாலும் அது இருக்கிறது.

அடிக்கேக்

வீட்டு ஓடிஜி அவன் பலவற்றில் 14 அங்குல ட்ரே நுழையாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். 10 அங்குலத்துக்கு 7 அங்குல ட்ரே இரண்டில் சுட்டு, பத்தங்குலப் பக்கத்தை ஒட்டினால் 14-க்கு 10 கிடைத்துவிடும். ஒட்டு எங்கே விழும் தெரியுமா? படத்தின் சரிபாதியில், அதாவது 10 பாகை 50 கலை அட்சத்தில். திருச்சியும் காவிரியும் அதே அட்சத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. இணைப்பு லேசாகத் தெரிந்தாலும் அதன் பக்கத்திலேயே ஆறு ஓடும்.

ஒரு ட்ரேக்கு: மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், பொடித்த சர்க்கரை 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், பால் 50 மி.லி., வனிலா, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மைதாவைச் சலித்துக் கலந்து, 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். நடுவில் குச்சி குத்திப் பார்த்து எடுங்கள். காற்றாய்ப் பறக்கும் ஸ்பாஞ்ச் இதற்கு ஆகாது. மலையைத் தாங்க வேண்டிய கேக் என்பதால் கனமானதுதான் வேண்டும். முட்டை சேர்க்காத கேக் செய்வதானால் உங்களுக்குப் பழகிய குறிப்பையே வைத்துக்கொண்டு, ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மேலே எழும்பிய மேட்டைச் சீவி, கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் மேலே இருந்தால் தளம் சமமாக இருக்கும்.

பட்டர்க்ரீமுக்கு 400 கிராம் வெண்ணெய், 600 கிராம் ஐசிங் சுகர். முதலில் எல்லாப் பக்கமும் மெல்லிய க்ரம்ப் கோட் (கேக் தூளை அடக்கிவைக்கும் முதல் பூச்சு), ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம், பிறகு வெளிறிய நீலத்தில் இரண்டாவது பூச்சு. இதுதான் கடலின் தரை. மறுபடியும் ஃப்ரிட்ஜில். விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு இறுகியதும் கடற்கரைத் தாளை மேலே பரப்பி, கரை நெடுகிலும் குண்டூசியால் மூன்று மி.மீ.-க்கு ஒரு குத்து. கோடியக்கரையில் கரை திடீரென்று மேற்கே திரும்பும் இடத்திலும், இராமேசுவரம் தீவைச் சுற்றியும் குத்துகளை நெருக்கமாக வையுங்கள்.

முந்திரி மலை

மலைக்கு ஃபாண்டன்ட் (கேக் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு) வேண்டாம் என்பது என் முடிவு. நவம்பர் மாதத்து ஈரக்காற்றில் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் அது வியர்த்து, ஓரங்கள் வழுவழுவென்று மழுங்கிவிடும். சம உயரக் கோட்டுக்கு ஓரம்தான் உயிர். முந்திரி கேக் செய்யும் மாவு, அதாவது காஜு கத்லி மாவு, வெட்டிய ஓரத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ருசியிலும் ஃபாண்டன்ட் அதன் கிட்டே வராது.

முந்திரி 250 கிராம், சர்க்கரை 125 கிராம், தண்ணீர் 60 மி.லி. முந்திரி அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டிப் பொடித்துச் சலியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். சர்க்கரையைக் கரைத்து ஒரு கம்பிப் பதம் வந்ததும் தீயைக் குறைத்து, பொடியைக் கொட்டிக் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் மாவு வாணலியை விட்டு ஒன்றாகச் சுருண்டு வரும். துளி எடுத்து ஊதி ஆறவைத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். ஒட்டாமல் உருண்டால் சரியான பதம். அதைத் தாண்டினால் வெட்டும்போது விரிசல் விடும்.

மாவு வெதுவெதுப்பாக இருக்கும்போதே நிறத்தைப் பிரிக்க வேண்டும். கைக்குச் சுடாத அளவு ஆறியதும் சிறிது நெய் தொட்டுப் பிசைந்து, பாதிக்கும் மேலான பங்கை 500 மீட்டர் தகட்டுக்கு ஒதுக்கி வெளிர்மஞ்சள் ஜெல் கலர் ஒரு துளி சேருங்கள். படத்தில் வரும் கர்நாடகப் பீடபூமி ஏறத்தாழ முழுவதும் 500-க்கு மேல் என்பதால் அந்தத் தகடுதான் மிகப் பெரியது. 1,000-க்கு கால் டீஸ்பூன் கோகோ பவுடர், 1,500-க்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம், 2,000-க்குக் கரும்பழுப்பு. உச்சிக்கு எதுவும் சேர்க்காத வெள்ளை மாவு.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே மாவை வைத்து, இரு பக்கமும் 5 மி.மீ. தடிமனுள்ள மரப்பட்டிகளை வைத்து, பூரிக்கட்டையை அந்தப் பட்டிகளின் மேல் உருட்டுங்கள். அப்போதுதான் தகடு எங்கும் ஒரே தடிமனாக வரும். தாளை மேலே வைத்து, புதிய ப்ளேடு பொருத்திய கட்டரால் முழுக்கோட்டில் மேலிருந்து கீழாக அழுத்தி வெட்டுங்கள். இழுத்து வெட்டினால் மாவு கத்தியோடு வந்துவிடும். தாளை எடுக்கும் முன் புள்ளிக்கோட்டில் குத்திவிடுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையை வெட்டும்போது ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலையே இல்லாத வெளி ஒன்று வரும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அகலம் ஏறத்தாழ 30 கி.மீ., கேக்கில் ஒன்றரை செ.மீ. இரு பக்கத் தகடுகளையும் ஒரே துண்டாக ஒட்டி வெட்டிவிடாதீர்கள். அடுக்கும்போது அழுத்தியதில் மாவு பிதுங்கி அந்த வெளி குறுகிவிட்டால் கத்தியால் சீவி மறுபடி திறந்துவிடுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று கோவைப் பக்கம் வருவது அந்த வாசல் வழியாகத்தான். கோவையும் 411 மீட்டர் உயரத்தில், முதல் தகட்டுக்குக் கீழேயே நிற்கிறது.

கிழக்கே உள்ளவை தனித்தனி மலைகள். ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, தெற்கே சிறுமலை. கடலில் தீவு கிடப்பதுபோல் சமவெளியில் கிடக்கும். கொல்லிமலை கட்டைவிரல் நகம் அளவுதான் வரும். இவற்றை வெட்டியதும் எந்தத் துண்டு எது என்று மறந்துபோகும், பட்டர் பேப்பரில் பென்சிலால் பெயர் எழுதி அதன்மேல் வையுங்கள். 2,500 மீட்டருக்கு வெட்டுவதற்கே எதுவும் இருக்காது. நீலகிரியில் ஓரிரு துகள், ஆனைமுடியில் ஒன்று. முந்திரி மாவை மிளகளவு கிள்ளி வைத்தால் போதும்.

படிப்படியாகத் தெரிகிறதே, ஓரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கலாமா என்று கை துடிக்கும். வேண்டாம். படி நெருக்கமாக இருக்கும் இடம் செங்குத்துச் சரிவு, அகலமாக இருக்கும் இடம் மெல்லிய சரிவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பக்கத்தில் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பாடப்புத்தகத்தில் சம உயரக் கோடு புரியாத பிள்ளைக்கு அங்கே விரல் வைத்துத் தடவினால் புரிந்துவிடும். (கை கழுவிவிட்டுத் தடவட்டும்.)

தகடுகளை ஓர் இரவு காற்றுப்புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

பச்சை எதைச் சொல்கிறது?

சமவெளிக்கு வெளிர்பச்சை பட்டர்க்ரீம் என்று எல்லோரும் செய்கிறோம். பார்க்கிறவர் உடனே ‘இராமநாதபுரம் எங்கே பச்சையாக இருக்கிறது?’ என்பார். உயர வண்ண வரைபடத்தில் பச்சை என்றால் தாழ்நிலம், அவ்வளவுதான். செடிகொடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிலத்தின் பசுமையைக் காட்ட விரும்பினால் டெல்டாவுக்கு மட்டும் பிஸ்தாப் பொடி, இராமநாதபுரத்துக்கு மணல் நிறம் என்று செய்யலாம். அதுவும் நல்ல கேக்தான். ஆனால் இரண்டையும் ஒரே கேக்கில் கலக்காதீர்கள். மலைக்கு உயரத்தையும் சமவெளிக்குப் பசுமையையும் வண்ணத்தால் சொன்னால் படிக்கிறவர் குழம்பிவிடுவார். நான் உயரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பச்சை க்ரீமை நிலப்பகுதி முழுவதும் 4 மி.மீ. உயரத்துக்குப் பரப்பி, பாலட் கத்தியால் சமமாக்கி, குத்துகளைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வழிந்தாலும் விட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இறுகிய பிறகு கடற்கரைத் தாளை மறுபடி பொருத்தி, கூரான கத்தியால் கரையை வெட்டி, வெளியே உள்ளதைச் சுரண்டி எடுங்கள். இறுகிய பட்டர்க்ரீமில் வெட்டிய கரை அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்.

பிறகு மலைத் தகடுகள். அடியில் துளி சர்க்கரைப் பாகு தொட்டு, முதல் தகட்டைத் தாளின்படி வைத்து, அடுத்தடுத்ததைக் குத்துகளின்மேல் உட்கார்த்துங்கள்.

கடல்

கடலுக்கு அகர் அகர், கடைகளில் கடல்பாசி, சைனா கிராஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஜெலட்டினைப்போல் நம் ஊர் சூட்டில் இளகாது, சைவக்காரர்களும் சாப்பிடலாம். நிறத்துக்கு சங்குப்பூ. 400 மி.லி. தண்ணீரில் இருபது பூவைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, 4 கிராம் அகர் பவுடர், 4 டேபிள்ஸ்பூன் சர்க்கரை சேர்த்து இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். எலுமிச்சைச்சாறு ஒரு துளிகூட வேண்டாம், நீலம் ஊதாவாகிவிடும்.

முதல்முறை செய்தபோது இதைச் சூடாக நேரே கேக்கின்மேல் ஊற்றினேன். நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வரை பட்டர்க்ரீம் உருகிக் கடலோடு கலந்துவிட்டது. டெல்டாவின் விளிம்பு கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரவு பதினொரு மணி, மறுநாள் காலையில் கேக்கைக் கொடுக்க வேண்டும். அன்று முழு இரவும் விழித்துக் கரையைத் திரும்பக் கட்டினேன்.

ஆகவே ஊற்றாதீர்கள். கேக் சுட்ட அதே இரண்டு ட்ரேக்களைக் கழுவி, கலவையை 4 மி.மீ. ஆழத்துக்கு ஊற்றித் தனியாக உறையவிடுங்கள். உறைந்ததும் கவிழ்த்து, கடற்கரைத் தாளை வைத்து வெட்டி, துண்டுதுண்டாக இடத்தில் பொருத்துங்கள். சந்துகளில் நியூட்ரல் ஜெல்லை (கேக் மேல் பூசும் நிறமற்ற பளபளப்பு ஜெல்) பிரஷ்ஷால் தடவினால் இணைப்பு மறைந்துவிடும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், வங்கக் கடல் கிழக்கே போகப்போக ஆழமாகிறது. கலவையின் ஒரு பங்கைத் தண்ணீர் விட்டு வெளிறவைப்பதைவிட, நீரிணைப் பகுதிக்கு பூ குறைவாகப் போட்டுத் தனியாகக் காய்ச்சுவது நல்லது. தண்ணீர் கூடினால் அகர் உறையாது. கடலைக் கடைசிநாள் காலையில் வையுங்கள். நேரம் போகப்போக நீர் விடும்.

ஆறு, ஊர், அடிக்கோடு

ஆற்றுக்கு நீல நியூட்ரல் ஜெல், பைப்பிங் கோனில் ஊசிமுனை அளவு துவாரம். காவிரியை ஒகேனக்கலில் தொடங்கி மேட்டூர், பவானி வரை தெற்கே இறக்கி, அங்கிருந்து ஈரோடு, கரூர் வழியாகக் கிழக்கே கொண்டுவாருங்கள். முக்கொம்பில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கொள்ளிடத்தை முதலில் வரைந்துவிட்டுப் பிறகு காவிரியை வரைந்தால் ஸ்ரீரங்கம் நடுவில் தங்கும். காவிரியை முதலில் வரைந்தால் இடமில்லாமல் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வைகை, தாமிரபரணி, பாலாறு, தென்பெண்ணை இவை ஒற்றைக் கோடு போதும்.

தூத்துக்குடிக்கு மட்டும் ஒரு சலுகை கொடுப்பேன். அந்த ஊர் மக்ரூனை நொறுக்கி, கரையோரம் சிறு சிறு குவியலாக வைத்தால் உப்பளம். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்த வெள்ளைக்கு வேறெதுவும் ஈடாகாது.

பெயர் எழுத ராயல் ஐசிங். தமிழ் எழுத்து 8 மி.மீ.-க்குக் குறைந்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும். திருச்சிராப்பள்ளி என்று முழுவதும் எழுதப்போகாமல் திருச்சி என்று முடியுங்கள். கடற்கரை ஊர்களின் பெயரைக் கடல் பக்கமாக எழுதினால் நிலத்தில் இடம் மிச்சம். அகர் மேல் ஐசிங் கசியும், அதனால் மெல்லிய வெள்ளை சாக்லேட் பட்டையில் எழுதிக் காயவைத்து அதைக் கடலில் வையுங்கள். எட்டுப் பத்து ஊருக்கு மேல் வேண்டாம்.

இப்போது பரங்கிமலை. லாம்டனின் அடிக்கோடு அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை, 12 கி.மீ. நூறு அடி எஃகுச் சங்கிலியை மறுபடி மறுபடி நீட்டி அளக்க 57 நாள் ஆனது. கேக்கில் அது 6 மி.மீ. வெள்ளி பூசிய இனிப்புச் சோம்பில் ஒன்றே ஒன்றை எடுத்து, சென்னைக்குச் சற்றுத் தெற்கே வடக்கு தெற்காக வையுங்கள். அந்த ஒரு சோம்பின் நீளத்திலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டுபோனதுதான் குமரி வரைக்கும், பின்னாளில் இமயம் வரைக்கும் நீண்ட பெரும் முக்கோண அளவை. 1808-ல் ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் சர்வே கருவியை) தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் அதைத் தானே உட்கார்ந்து சரிசெய்தார். கேக்கைச் சுற்றி நிற்பவர்களிடம் நான் எப்போதும் சொல்லிவிடும் கதை இது. தஞ்சாவூருக்கு ஒரு சிவப்புப் புள்ளி அதற்காகவே வைப்பேன்.

இடது கீழ் மூலையில் அரபிக்கடல் காலியாக இருக்கும். அளவுக்கோடும் குறியீட்டு விளக்கமும் அங்கே. 5 செ.மீ. நீள சாக்லேட் பட்டையை ஐந்தாகக் கோடிட்டு, முனைகளில் 0, 100 கி.மீ. என்று எழுதுங்கள். விளக்கத்துக்கு மிஞ்சிய முந்திரி மாவிலிருந்தே சிறு சதுரங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று, பக்கத்தில் உயரம். வடதிசைக் குறி வலது மேலே. தலைப்பு கேக்கில் வேண்டாம், போர்டில் எழுதுங்கள். போர்டின் கீழ் ஓரத்தில் ‘தரவு: ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று ஒரு வரி. தரவைப் பயன்படுத்தினால் அவர்களைக் குறிப்பிட வேண்டும் என்று அவர்களின் உரிமம் கேட்கிறது, கேக்குக்கும் அதைக் கொடுப்போம்.

நாள் கணக்கு

புதன்கிழமை கொடுப்பதானால் ஞாயிறு அச்சும் வெட்டும், திங்கள் கேக் சுடுவதும் முந்திரித் தகடும், செவ்வாய் க்ரீம், நிலம், மலை, ஆறு, ஊர்ப்பெயர். புதன் காலை கடல், அடிக்கோடு, அளவுக்கோடு. காரில் ஏசி போட்டு, பின் சீட்டில் சாய்த்து வைக்காமல் தரை சமமாக இருக்கும் டிக்கியில் வையுங்கள். நவம்பரில் மழை உண்டு, பெட்டியை ப்ளாஸ்டிக் உறையால் மூடிக்கொள்ளுங்கள்.

வெட்டும்போதும் ஒரு முறை இருக்கிறது. ஸ்கேலை ஓரத்தில் வைத்து 5 செ.மீ.-க்கு ஒரு குறி இடுங்கள். நீளத்தில் ஏழு, அகலத்தில் ஐந்து, மொத்தம் 35 துண்டு. ஒவ்வொன்றும் 100-க்கு 100 கி.மீ., பத்தாயிரம் சதுர கி.மீ. வெட்டும் முன் மேலோரத்தில் ஆங்கில A முதல் E வரையும் பக்கத்தில் 1 முதல் 7 வரையும் சீட்டு குத்திவிட்டால், வந்தவர்கள் தங்கள் ஊர் இருக்கும் கட்டத்தைச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். முழுக் கடலாக வரும் துண்டுகளை முதலில் பரிமாறிவிடுங்கள், அகர் மறுநாள் வரை தாங்காது. நீலகிரித் துண்டை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். எங்கள் வீட்டில் இதுவரை இருந்ததில்லை.